தரம் ஆறில் எத்தனை பேர் இருந்தார்கள்?

(புதுக்குடியிருப்பில் பெற்றோர், ஆசிரியர் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்து இரண்டு நாள் போனால் பரந்தன் – முல்லைத்தீவு வீதி முழுக்கப் பிள்ளைகளின் படங்கள்தான். விசுவமடுவில் ஒரு பதாகை, உடையார்கட்டில் ஒன்று, எங்கள் சந்தியில் நாலைந்து. 9ஏ எடுத்த பிள்ளை நடுவில், 8ஏ எடுத்தவர்கள் இரு பக்கமும். பிள்ளைகளைக் கொண்டாடுவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. இந்த மண்ணில் படித்து ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளையின் படத்தை வாசலில் தொங்கவிடத்தான் வேண்டும். எனது கவலை அந்தப் பதாகையைக் கீழே நின்று பார்க்கிற தாய் தகப்பனைப் பற்றியது. அவர்களுடைய பிள்ளை தரம் ஐந்தில் இருக்கிறாள். அடுத்த தை மாதத்துக்குள் ஆறாம் வகுப்புக்கு ஒரு பாடசாலை முடிவு செய்ய வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் பதினோராம் தரம் வரை உள்ள கிராமத்துப் பள்ளிக்கூடம். சில கிலோமீற்றருக்கு அப்பால், வீதியோரத்தில், உயர்தரம் வரை உள்ள பெரிய பாடசாலை. இரண்டில் எது என்று பார்க்க அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆவணம் அந்தப் பதாகை.

இன்று நான் பேச வந்தது இவ்வளவுதான்: இரண்டு அரச பாடசாலைகளை, யாரும் கேட்டுப் பெறக்கூடிய தரவுகளைக் கொண்டே ஒப்பிட முடியுமா, முடியுமென்றால் எப்படி? நான் கணிதம் படிப்பித்தவன். ஆகவே பேச்சில் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். கல்வி அமைச்சு பாடசாலைகளை வகை பிரித்து வைத்திருக்கிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1ஏபி. கலை, வர்த்தகம் மட்டும் உள்ளவை 1சி. பதினோராம் தரத்தோடு நிற்பவை வகை 2. ஆரம்பப் பிரிவும், சில இடங்களில் எட்டாம் தரம் வரையும் உள்ளவை வகை 3. எங்கள் மத்திய கல்லூரியையும் உள்ளே ஒரு கிராமத்து வகை 2 பாடசாலையையும் ‘எது நல்லது’ என்று மொத்தமாகக் கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை, கனிஷ்ட இடைநிலை என்று சொல்கிற அந்த நான்கு வருடங்களில் எது நல்லது என்று கேட்டால் ஒப்பிடலாம். இரண்டு இடத்திலும் அதே பாடத்திட்டம், அதே அரச பாடநூல்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எங்கள் நாட்டில் ஒரு பிள்ளை பொதுப் பரீட்சை எழுதுவது தரம் ஐந்தில். அது புலமைப்பரிசில். அதன் பிறகு தரம் பதினொன்றில், சாதாரண தரம். இடையில் ஆறு வருடம். இந்த ஆறு வருடத்திலும் பிள்ளை தவணைப் பரீட்சை எழுதுகிறாள், புள்ளி அட்டை வருகிறது. ஆனால் ஒரு பாடசாலையை இன்னொரு பாடசாலையோடு வைத்துப் பார்க்க உதவும் பொது அளவுகோல் ஒன்றும் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் 2012, 2014, 2016 ஆகிய வருடங்களில் எட்டாம் தரப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தது. அவை நல்ல ஆய்வுகள். ஆனாலும் அவை மாதிரி எடுத்துச் செய்தவை. மாகாணம் பற்றிச் சொல்லும், உங்கள் பாடசாலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆக, பிள்ளை கணிதத்தைப் பிடித்துக்கொள்வதும் கைவிடுவதும் தீர்மானமாகிற அந்த நாலு வருடமும் பொதுத் தரவில் இருட்டு.

இருக்கிற இரண்டு பரீட்சைகளும் பாடசாலையை அளக்க வந்தவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில், 1940களில், நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகள் தோன்றின. வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளையைத் தேர்ந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வந்ததுதான் புலமைப்பரிசில் பரீட்சை. பிள்ளையை அதன் கிராமத்திலிருந்து எடுத்துப் போவதே அதன் நோக்கம். இன்றைக்கும் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளைகளில் பலர் கிராமத்துப் பாடசாலையை விட்டுப் பெரிய பாடசாலைக்குப் போகிறார்கள். ஆறு வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளின் 9ஏயை எண்ணிப் பார்த்து, ‘பெரிய பாடசாலை நன்றாகப் படிப்பிக்கிறது’ என்கிறோம். படிப்பிக்கவும் செய்யலாம். ஆனால் அந்த எண்ணிக்கை அதைச் சொல்லவில்லை.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுகிறேன். இவை எந்தப் பாடசாலையின் எண்களும் இல்லை, விளங்குவதற்காக நானே வைத்துக்கொண்டவை. ‘அ’ பாடசாலையில் தரம் ஆறுக்கு 120 பிள்ளைகள் சேர்கிறார்கள். பதினோராம் தரம் முடிந்து பரீட்சைக்குத் தோற்றியவர்கள் 96 பேர். உயர்தரம் கற்கத் தகுதி பெற்றவர்கள் 72. தோற்றியவர்களில் 75 வீதம். ‘ஆ’ பாடசாலையில் தரம் ஆறில் 24 பிள்ளைகள். தோற்றியவர்கள் 22. தகுதி பெற்றவர்கள் 14. அது ஏறக்குறைய 64 வீதம். பதினொரு புள்ளி வித்தியாசம். ஊரில் முடிவு சொல்லிவிடுவார்கள்.

இனிப் பகுதி எண்ணை மாற்றுங்கள். தோற்றியவர்களால் வகுக்காமல், தரம் ஆறில் சேர்ந்தவர்களால் வகுத்துப் பாருங்கள். ‘அ’: 120க்கு 72, அது 60 வீதம். ‘ஆ’: 24க்கு 14, அது 58 வீதம். வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ‘அ’வில் வழியில் காணாமற்போன 24 பேரும் எங்கே? சிலர் விடுகைப் பத்திரம் எடுத்து வேறு பாடசாலைக்குப் போயிருப்பார்கள். சிலர் குடும்பத்தோடு இடம் மாறியிருப்பார்கள். சிலர் தகப்பனோடு கடலுக்கு, சிலர் மேசன் வேலைக்கு, சிலர் தாய் வெளிநாடு போனதால் வீட்டில் தங்கையைப் பார்க்க. 2016இல் கட்டாயக் கல்வி வயதை 14இலிருந்து 16 ஆக உயர்த்திச் சட்டம் செய்தாயிற்று. ஆனால் இடைவிலகிய பிள்ளை பரீட்சைப் பெறுபேற்றுப் பட்டியலில் தோல்வி என்றுகூட வராது. வராமலே போய்விடும். ‘எங்கள் பாடசாலையில் தோற்றியோர் எல்லோரும் சித்தி’ என்ற பதாகையைப் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தரம் ஆறில் எத்தனை பேர் இருந்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் எங்கோ பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கவில்லை. கல்வி அமைச்சு ஆண்டுதோறும் பாடசாலைத் தொகைமதிப்பு எடுக்கிறது. ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு தொகைமதிப்பு இலக்கம் உண்டு. அதிபர் தரம் தரமாக, ஆண் பெண்ணாக மாணவர் தொகையை நிரப்பிக் கொடுக்கிறார், ஆசிரியர் விபரத்தையும் கொடுக்கிறார். மாகாண, மாவட்டத் தொகைகள் அச்சாகின்றன. பாடசாலை வாரியான எண் வலயக் கல்விப் பணிமனையில் இருக்கும். 2019ஆம் ஆண்டின் தரம் ஆறு எண்ணிக்கையை எடுங்கள், 2020இன் தரம் ஏழை எடுங்கள், அப்படியே 2024இன் தரம் பதினொன்று வரை படிப்படியாக இறங்குங்கள். எந்தப் படியில் எண்ணிக்கை சட்டென்று விழுகிறது என்று தெரியும். ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் விழுந்தால் ஒரு கதை. ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் விழுந்தால் வேறு கதை. சில பாடசாலைகளில் பெறுபேறு கெட்டுவிடும் என்று பயந்து பத்தாம் வகுப்பில் நலிந்த பிள்ளைகளை ‘வேறு இடம் பாருங்கள்’ என்று சொல்லி அனுப்புவது நாங்கள் எல்லோரும் அறிந்த இரகசியம். அந்த இரகசியம் இந்தப் படிக்கட்டில் அப்படியே தெரியும்.

2019 என்று நான் சும்மா சொல்லவில்லை. அந்த வருடம் தரம் ஆறுக்கு வந்த பிள்ளைகளைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 2024ஆம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சை, உண்மையில் 2025 மார்ச்சில் நடந்தது. அதை முதல் தடவையாக எழுதியவர்கள் 2014இல் தரம் ஒன்றுக்குச் சேர்ந்தவர்கள். ஐந்து வயது பூர்த்தியாகும் கணக்கின்படி, 2008 பெப்ரவரிக்கும் 2009 ஜனவரிக்கும் இடையில் பிறந்தவர்கள். இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு அந்தத் திகதிகளை விளக்கத் தேவையில்லை. யுத்தத்தில் கிளிநொச்சிப் பக்கத்துச் சனம் முழுக்க இந்த ஊருக்குள் வந்து நெருங்கிய மாதங்கள் அவை. அந்தப் பிள்ளைகள் கைக்குழந்தைகளாகத் தாய்மார் தோளில் முள்ளிவாய்க்கால் வரை போய், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தவழ்ந்தவர்கள். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. அதற்கு ஏறக்குறைய ஒன்றேகால் வருடம் கழித்து அவர்கள் தரம் ஒன்று.

அதோடு முடியவில்லை. அவர்களுடைய ஆறு, ஏழு, எட்டு, ஒன்பதாம் தரங்களைப் பாருங்கள். 2019 சித்திரையில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, இரண்டாம் தவணை குழம்பியது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடின. 2021இல் தொலைபேசியில் வகுப்பு, நடுவில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து மாதக்கணக்கில் விலகி நின்றார்கள். 2022இல் எரிபொருள் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்து படிப்பித்த ஆசிரியர் எப்படி வருவார்? கனிஷ்ட இடைநிலைக் கல்வி முழுவதையும் இந்த நாலு வருடத்துக்குள் முடித்த ஒரு தொகுதிப் பிள்ளைகள் அவர்கள். அந்தப் பெறுபேற்றை ஐந்து வருடத்துக்கு முந்திய பெறுபேற்றோடு ஒப்பிட்டு, ‘பாடசாலை இறங்கிவிட்டது’ என்று ஒரு அதிபரைக் குற்றஞ்சாட்டினால் அது அநியாயம். ஒரே வருடத்தில் இரண்டு பாடசாலைகளை ஒப்பிடுவது அதைவிட நியாயம், அப்போதுகூட ஒரு கண் வேண்டும். வீதியோரத்து வீட்டில் தொலைபேசிச் சமிக்ஞை கிடைத்தது. குளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பிள்ளை மரத்தடி தேடி நடந்தது.

அடுத்தது சிறிய எண்களின் தொல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்குச் சரி, பரீட்சைக்குச் சரிவராது. 22 பேர் தோற்றுகிற பாடசாலையில் ஒரு பிள்ளை என்பது நாலரை வீதம். பரீட்சைக்கு முதல் நாள் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு வந்தால் பாடசாலை ஒன்பது புள்ளி கீழே போய்விடும். அதே ஆசிரியர், அதே படிப்பு, ஒன்றுமே மாறாவிட்டாலும், இருபது பேர் அளவிலான தொகுதியில் வீதம் தற்செயலாகவே பத்துப் புள்ளி மேலும் கீழும் ஆடும். கோட்டக் கூட்டத்தில் ஒரு வருடம் பாராட்டு, மறு வருடம் விளக்கக் கடிதம் என்று சிறிய பாடசாலை அதிபர்கள் படும் பாட்டில் பாதி இந்த ஆட்டத்தால் வருவது. ஆகவே வகை 2 பாடசாலையை ஒரு வருடப் பெறுபேற்றைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூன்று வருடத்தைக் கூட்டி, மொத்தத் தகுதியை மொத்தச் சேர்வால் வகுத்துப் பாருங்கள்.

சித்தி என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் ஒருமுகப்படுத்த வேண்டும். ஒரு பாடசாலை ‘9 பாடமும் சித்தி’ என்று எண்ணும், இன்னொன்று ‘6 பாடம்’ என்று எண்ணும். நான் எடுக்கும் அளவு உயர்தரத் தகுதி: தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றில் மூன்றிலாவது சி அல்லது அதற்கு மேல். அதற்குள் கணிதத்தைத் தனியே பிரித்துப் பாருங்கள். 35 புள்ளி எடுத்தால் எஸ், 34 என்றால் டபிள்யூ. வன்னியில் பிள்ளை வீட்டில் நிற்பதற்கும் உயர்தரம் போவதற்கும் இடையில் நிற்பது பெரும்பாலும் அந்த ஒரு புள்ளி. அதன் வேர் பதினோராம் வகுப்பில் இல்லை. ஏழாம் வகுப்பில் பின்னமும் அட்சரகணிதமும் வந்தபோது முன்னால் யார் நின்று படிப்பித்தார் என்பதில் இருக்கிறது.

அப்படியானால் ஆசிரியர் எண்ணிக்கை. இங்கே அரச புள்ளிவிபரம் மிக அழகாக ஏமாற்றும். 200 பிள்ளைகளுக்கு 16 ஆசிரியர்கள் என்றால் பன்னிரண்டரைப் பிள்ளைக்கு ஒருவர். கொழும்பில் பெரிய பாடசாலைக்குக்கூட இந்த விகிதம் கிடைக்காது. ஆனால் அந்தப் பதினாறில் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களை ஒதுக்குங்கள். பிறகு கணிதத்துக்கு ஒருவர் உண்டா, விஞ்ஞானத்துக்கு உண்டா, ஆங்கிலத்துக்கு உண்டா என்று பாருங்கள். இல்லாத பாடத்தை வேறு பாட ஆசிரியர் ஒருவர் நேரசூசியில் நிரப்பிக்கொண்டிருப்பார். அவர் செய்வது பெரிய தொண்டு, ஆனால் தரவில் அந்தப் பாடவேளை நிரம்பியதாகவே காட்டும். இதோடு ஒரு கேள்வி சேர்க்க வேண்டும்: அதே கணித ஆசிரியர் எத்தனை வருடம் இருக்கிறார்? கஷ்டப் பிரதேச சேவைக் காலத்தை முடித்ததும் இடமாற்றம் கேட்டுப் போவது அவருடைய உரிமை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தரம் ஆறிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு வருடமும் புது ஆசிரியரைக் கண்ட வகுப்பும், ஒருவரிடமே நாலு வருடம் படித்த வகுப்பும் ஒன்றாகாது. விகிதம் இதைச் சொல்லாது, இடமாற்றப் பட்டியல் சொல்லும்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று இரண்டு வார்த்தை. தமிழ்நாட்டிலும் இந்தியாவின் ஏனைய மாநிலங்களிலும் யூடைஸ் என்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. அந்த எண்ணைத் தட்டினால் ஒரு நடுநிலைப்பள்ளியின் மாணவர் தொகை, ஆசிரியர், கழிப்பறை வரை யாரும் பார்க்கலாம். இங்கிலாந்தில் 1992இலிருந்து பாடசாலைப் பெறுபேற்று அட்டவணைகளைப் பிரசுரிக்கிறார்கள். லண்டனில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர் அதைப் பார்த்துத்தான் வீடு வாங்கியிருப்பார். வசதியான பகுதிப் பாடசாலை எப்போதும் மேலே, ஏழைப் பகுதிப் பாடசாலை எப்போதும் கீழே என்று அந்த அட்டவணை காட்டிக்கொண்டே இருந்தது. பிறகு 2016இல் ‘புரோகிரஸ் 8’ என்ற அளவைக் கொண்டுவந்தார்கள். ஆரம்பப் பாடசாலை முடிவில் ஒரே மட்டத்தில் இருந்த பிள்ளைகள், ஐந்து வருடம் கழித்து எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கும் முறை அது. கொரோனாவால் 2020இலும் 2021இலும் ஆரம்பப் பாடசாலை முடிவுச் சோதனை நடக்கவில்லை. ஆகவே 2020இல் அதை எழுதாமல் போன பிள்ளைகள் 2025இல் இறுதிப் பரீட்சை எழுதியபோது அந்த அளவைக் கணக்கிட முடியவில்லை. தொடக்கப் புள்ளி இல்லாமல் முன்னேற்றத்தைச் சொல்ல முடியாது என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். எங்களிடம் அந்தத் தொடக்கப் புள்ளி கையில் இருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சை 200 புள்ளிக்கு நடக்கிறது, அநேகமாக எல்லாப் பிள்ளையும் எழுதுகிறது. இரண்டு பாடசாலைகளிலும் தரம் ஐந்தில் 100க்கும் 120க்கும் இடையில் எடுத்த பிள்ளைகளை மட்டும் எடுத்து, அவர்களில் எத்தனை பேர் கணிதத்தில் சித்தி என்று பாருங்கள். வெட்டுப்புள்ளிக்கு மேலே உள்ளவர்களை விட்டுவிடுங்கள். அவர்கள் எங்கே போனாலும் படிப்பார்கள். சேர்விடாப்பைக் கையில் வைத்திருக்கும் அதிபர் ஒருவர் இதை ஒரு பின்னேரத்தில் செய்துவிடலாம்.

இதை எப்படிக் கேட்டுப் பெறுவது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வலயக் கல்விப் பணிமனைக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று உங்களிடம் காரணம் கேட்க முடியாது. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஒரு எச்சரிக்கை மட்டும். பிள்ளைகளின் பெயரைக் கேட்காதீர்கள், தொகையை மட்டும் கேளுங்கள். அதையும் மூன்று வருடம் சேர்த்துக் கேளுங்கள். கிராமத்துப் பாடசாலையில் ‘இந்த வருடம் கணிதம் தவறியவர்கள் மூவர்’ என்று அச்சிட்டால் அந்த மூவரும் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். தவறிய பிள்ளையின் வீட்டுக்கு முன்னால் எந்தத் தரவும் பெரிதில்லை.

இந்தத் தரவைக் கேட்டால் அதிபர்மார் கோபிப்பார்கள் என்று ஒரு நண்பர் பயந்தார். சிலர் கோபிக்கலாம். ஆனால் சிறிய பாடசாலையின் அதிபருக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. ‘அண்மையில் உள்ள பாடசாலையே சிறந்தது’ என்ற கொள்கையை 2016 அளவில் அமைச்சு ஒரு தேசியத் திட்டமாகவே கொண்டுவந்தது. கட்டடங்கள் எழுந்தன. கட்டடத்தைப் பார்த்து ஒரு தாயும் பிள்ளையை விடமாட்டாள். தரம் ஆறில் சேர்ந்த 24 பேரில் 22 பேரைப் பரீட்சை மண்டபம் வரை கொண்டுபோயிருக்கிறோம் என்று அந்த அதிபர் ஆதாரத்தோடு சொல்லட்டும். அதையும் பதாகையில் எழுதட்டும்.

கூட்டம் தொடங்கும் முன் ஒரு தகப்பன் என்னிடம் நேரே கேட்டார், “சேர், சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ, என்ரை மகளை எங்கை விடுறது?” புலமைப்பரிசிலில் நடுத்தரமாகப் புள்ளி எடுத்த பிள்ளை. வீட்டிலிருந்து கிராமத்துப் பாடசாலை நடை தூரம். பெரிய பாடசாலைக்கு இரண்டு பஸ், பின்னேரம் திரும்பும் பஸ் நம்பிக்கையில்லை. நான் அவரிடம் மூன்று விஷயம் விசாரிக்கச் சொன்னேன். அங்கே கணித ஆசிரியர் நிரந்தரமாக இருக்கிறாரா, எத்தனை வருடமாக? மூன்று வருடத்துக்கு முந்திய தரம் ஆறில் இருந்தவர்களில் எத்தனை பேர் இப்போது ஒன்பதில் இருக்கிறார்கள்? ஆங்கிலத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆள் உண்டா? மூன்றுக்கும் பதில் சரியென்றால் பிள்ளையை அங்கேயே பதினோராம் தரம் வரை விடுங்கள், உயர்தரத்துக்குப் பெரிய பாடசாலைக்கு அனுப்பலாம் என்றேன். கணிதத்துக்கு ஆள் இல்லையென்றால் பஸ்தான், வேறு வழியில்லை. ஆனால் பஸ்ஸில் ஏற்றிவிட முதல் வலயத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அந்தப் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் எப்போது வருவார் என்று கேட்டு. உங்கள் மகளுக்குப் பின்னால் அந்தக் கிராமத்தில் இன்னும் இருபத்துமூன்று பேர் தரம் ஆறுக்குப் போகிறார்கள், அவர்களில் பலருக்குப் பஸ் காசு இல்லை.